போன பணம் வருமா? சைபர் சட்டங்களைப் பற்றி ஒரு பேச்சு

(பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தியிருக்கிறோம்.)

இன்னிக்குக் கிருத்திகை. திருத்தணியில் மலை அடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் உட்கார்ந்துதான் பதிவு பண்றேன். நடுநடுவுல அரோகரா சத்தம், பம்பைச் சத்தம் எல்லாம் கேட்கும். கொஞ்சம் பொறுத்துக்குங்க.

இன்னிக்குப் பேசப்போறது சைபர் குற்றம், சைபர் பாதுகாப்பு, தனிநபர் தரவு, இந்த மூணுக்கும் நம்ம நாட்டுல இருக்கிற சட்டங்களைப் பற்றி. மூணும் ஒண்ணுதானேன்னு நிறையப் பேர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன், எங்க சித்தப்பா பணம் போகிற வரைக்கும்.

சித்தப்பாவுக்குப் பொதட்டூர்பேட்டையில் ஆறு பவர்லூம் இருக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரு போன். "ஈபி ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க தறி கனெக்‌ஷன் இன்னும் உங்க அப்பா பேர்லயே இருக்கு. பேர் மாத்தலைன்னா இலவச யூனிட் ரத்தாயிடும்." தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அது ரத்தானால் சின்னத் தறிக்காரருக்குத் தொழிலே ஆட்டம் கண்டுவிடும். பேசினவன் சர்வீஸ் நம்பரைச் சரியாகச் சொன்னான். எங்க தாத்தா பேரைச் சொன்னான். அவன் பேசின தமிழில் தெலுங்கு கலந்திருந்தது. வேற ஊர்க்காரங்களுக்கு அதுவே சந்தேகம் கொடுத்திருக்கும். எல்லையில் இருக்கிற எங்களுக்கு அது பக்கத்து வீட்டுக்காரர் பேச்சு. நாங்களே அப்படித்தான் பேசுவோம்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் வந்தது. சித்தப்பா அதைத் தொட்டார், கேட்ட அனுமதிக்கெல்லாம் சரி, சரின்னு கொடுத்தார். ஓடிபி எதையும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லத் தேவையே இல்லை. அந்த ஆப்பே போனுக்கு வருகிற எஸ்எம்எஸ்ஸைப் படித்து அங்கே அனுப்பிவிட்டது. மூணு தடவையாக 1,84,000 ரூபாய் போயிடுச்சு. பாவு வாங்க வெச்சிருந்த பணம். மறுநாள் காலையில் கூலி அனுப்பப் போனபோதுதான் கணக்கில் ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சது. எனக்கு போன் பண்ணினார். உடனே 1930-க்குக் கூப்பிட்டோம். அதற்குள் பதினஞ்சு மணி நேரம் கடந்திருந்தது. இரண்டாவது கைக்குப் போன கணக்கில் 38,000 ரூபாய் மட்டும் நின்றுகொண்டிருந்தது, அதை முடக்கினாங்க. மீதி அங்கிருந்தும் போயிருந்தது.

அன்னிக்கு அவர் என்கிட்ட ஒரே கேள்விதான் கேட்டார். "டேய், நீதான் மைக் வெச்சு ஊருக்கெல்லாம் பேசுறியே. இவ்வளவு சட்டம் இருக்குன்னு சொல்றியே. இதுல எந்தச் சட்டம் என் பணத்தை எனக்குக் கொடுக்கும்?"

எனக்குப் பதில் தெரியலை. தேடினேன். அந்தத் தேடல்தான் இந்த எபிசோடு.

முதலில் குற்றச் சட்டம். இந்தியாவில் இதற்கு அடிப்படை 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், பேச்சு வழக்கில் ஐடி ஆக்ட். 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் இருக்கிறது. அது பிறந்த நோக்கமே வேறு. மின்னணு ஒப்பந்தம், டிஜிட்டல் கையெழுத்து இதையெல்லாம் சட்டப்படி செல்லுபடியாக்க வந்த வணிகச் சட்டம் அது. குற்றம் என்பது அதில் ஒரு சின்னப் பகுதி. சென்னை எழும்பூர் நீதிமன்றம் 2004 நவம்பரில் இந்தச் சட்டத்தின் 67-வது பிரிவில் ஒருவருக்குத் தண்டனை கொடுத்தது. ஒரு பெண்ணைப் பற்றி இணையக் குழுக்களில் ஆபாசமாக எழுதிய வழக்கு. புகார் கொடுத்து சுமார் ஏழு மாதத்தில் தீர்ப்பு. நாட்டிலேயே அந்தப் பிரிவில் வந்த முதல் தண்டனைகளில் ஒன்று என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகச் சொல்கிறார்கள்.

இன்று நாம் சைபர் குற்றம் என்று சொல்கிற பிரிவுகள் பெரும்பாலும் 2008-இல் நிறைவேறிய திருத்தத்தில் வந்தவை. அந்தத் திருத்தம் 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்தது. 66சி, இன்னொருவருடைய பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்துவது. 66டி, கணினி, போன் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது. சித்தப்பா வழக்கில் இந்த இரண்டும் பொருந்தும். தண்டனை? இரண்டுக்கும் அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மூன்று ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்கள் இந்தச் சட்டப்படி ஜாமீனில் விடக்கூடியவை. அதாவது பிடிபட்டால் ஜாமீன் உரிமை. அதனால்தான் போலீஸார் கூடவே பாரதிய நியாய சன்ஹிதாவையும் சேர்ப்பார்கள். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. இதில் 318(4), ஏமாற்றிப் பொருளைப் பறிப்பது, ஏழு ஆண்டு வரை. 111-வது பிரிவில் திட்டமிட்ட கும்பல் குற்றங்களின் பட்டியலில் சைபர் குற்றமும் இருக்கிறது. அதில் குறைந்தபட்சமே ஐந்து ஆண்டு.

சரி, புகார் எங்கே கொடுக்கிறது? எங்களுக்கு இதுவே பெரிய கதையாயிடுச்சு. சித்தப்பா வீடு தமிழ்நாட்டில். வங்கிக் கணக்கு நகரியில், நூல் வியாபாரம் அங்கே என்பதால். பணம் போன கணக்கு வடக்கே எங்கேயோ. முதலில் போன இடத்தில் "கிளை ஆந்திராவில இருக்கு, அங்கே போங்க"ன்னு சொன்னாங்க. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடி வாங்கின எல்லை. அந்த எல்லை இப்படி ஒரு புகார் காகிதத்தின் நடுவில் வந்து நிற்கும்னு யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க.

ஆனா சட்டத்தில் இதற்கு வழி இருக்கு. பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்று சொல்கிறார்களே, அதுதான். மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம், மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். 202-வது பிரிவு இன்னும் தெளிவு: போன், செய்தி மூலம் ஏமாற்றினால், செய்தி அனுப்பப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம். செய்தி வந்து சேர்ந்தது பொதட்டூர்பேட்டையில். முடிஞ்சது. இந்த இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கிட்டுத் திருவள்ளூரில் இருக்கிற மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்குப் போனோம். பதிஞ்சு கொடுத்தாங்க. ஏன் அங்கே? ஐடி ஆக்ட் குற்றங்களை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் கீழே உள்ளவர் விசாரிக்க முடியாது. அந்தச் சட்டத்தின் 78-வது பிரிவு அப்படிச் சொல்லுது.

இவ்வளவும் குற்றவாளியைப் பற்றிய சட்டம். இதில் எங்கேயாவது சித்தப்பாவின் பணம் வந்துச்சா? வரலை. திருடன் பிடிபட்டு, அவன்கிட்ட பணம் இருந்து, நீதிமன்றம் சொன்னால் வரும். முடக்கின 38,000 ரூபாய்க்குக்கூட நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுத்தான் உத்தரவு வாங்கினோம். ஒரு கணக்கு சொல்றேன். சைபர் மோசடியில் இந்தியர்கள் 2024-இல் இழந்ததாக மத்திய அரசு மக்களவையில் சொன்ன தொகை சுமார் 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு சுமார் 7,465 கோடி. ஒரே வருஷத்துல மூணு மடங்கு. இதுல திரும்பி வர்றதுக்கு எல்லாமே மணிக்கணக்குதான். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுறதுக்குள்ள 1930-க்குத் தகவல் போகணும். போன பரிவர்த்தனையின் எண், நேரம், தொகை, இவ்வளவு இருந்தால் போதும், வேற காகிதம் தேட வேண்டாம்.

இப்போ இரண்டாவது, சைபர் பாதுகாப்புச் சட்டம். இதைச் சீக்கிரம் சொல்லிடறேன், ஏன்னா இதில் நமக்குன்னு பெரிசா ஒண்ணுமில்லை. 2004 முதல் சர்ட்-இன் என்று ஒரு மத்திய அமைப்பு இருக்கிறது. ஐடி ஆக்ட் 70பி பிரிவு அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று அது ஓர் உத்தரவு போட்டது: ஒரு நிறுவனத்தின் கணினிகளில் ஊடுருவல், தரவுக் கசிவு போன்றவை நடந்தது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் சர்ட்-இன்னுக்குச் சொல்லியாக வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

யாருக்குச் சொல்லணும்? சர்ட்-இன்னுக்கு. நமக்கு இல்லை. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசுன்னு பாருங்க. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் 2019-இல் நடந்தது ஞாபகம் இருக்கா? நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் தீய மென்பொருள் இருப்பதைச் செப்டம்பர் 4-ஆம் தேதியே சர்ட்-இன் கவனித்துச் சொல்லியிருந்தது. அக்டோபர் 29 அன்று ஊடுருவல் எதுவும் இல்லை என்று நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்தது. மறுநாள் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. உலையை இயக்குகிற பிணையம் தனியானது, அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னார்கள். ஊருக்குத் தெரிய எட்டு வாரம்.

அடுத்து 2024 செப்டம்பர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்சூரன்ஸின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராமில் சாட்பாட் வழியாகக் கிடைத்தன. 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய் டெலிகிராமுக்கும் அந்த ஆளுக்கும் எதிராகத் தடை வாங்கியது. அன்று இருந்த சட்டத்தில், விவரம் போன ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக "உங்கள் விவரம் போய்விட்டது" என்று சொல்ல வேண்டிய பொதுவான கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் கிடையாது.

சித்தப்பாவுக்கு வந்த போனை இங்கே நினைச்சுப் பாருங்க. அவனுக்கு சர்வீஸ் நம்பரும் எங்க தாத்தா பேரும் எப்படித் தெரியும்? பில் கட்டுகிற ஆப், பில்லை ஜெராக்ஸ் எடுத்த கடை, கடன் வாங்கப் போன இடம், மானியத்துக்கு எழுதிக் கொடுத்த விண்ணப்பம், இப்படிப் பத்து இடத்தில் அந்த விவரம் இருக்கு. இதில் யாரையும் நான் குற்றம் சொல்லலை. கேட்கிறதுக்கு ஒரு வழி இல்லைங்கிறதுதான் என் ஆத்திரம்.

அதற்குத்தான் மூன்றாவது சட்டம். தனிநபர் தரவுப் பாதுகாப்பு. இதன் வேர் 2017 ஆகஸ்ட் 24. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதிலிருந்து ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட் 11 அன்று டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதற்கான விதிகள் வர இன்னும் இரண்டு வருஷம், 2025 நவம்பர் நடுவில்தான் வந்தன. அதுவும் எல்லாம் ஒரே நாளில் அமலாகவில்லை. தரவுப் பாதுகாப்பு வாரியம் அமைப்பது போன்றவை உடனே. சம்மதம், பாதுகாப்பு, நம் உரிமைகள் எல்லாம் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் விவரத்துக்கான விலக்கை அகலமாக்குகிற திருத்தம் மட்டும் முதல் நாளே அமலுக்கு வந்துவிட்டது. நமக்குக் கிடைக்க வேண்டியது காத்திருக்கு, நம்மகிட்ட இருந்து போக வேண்டியது உடனே போயிடுச்சு. இது என் கருத்து, வேற மாதிரி நினைக்கிறவங்களும் இருப்பீங்க.

சட்டத்தில் நல்லது இல்லாமல் இல்லை. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விவரமான அறிக்கை கொடுக்க வேண்டும். நம் சம்மதத்தைக் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலோ படிக்க நமக்கு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். எங்க ஊர் வீடுகளில் அப்பா தெலுங்கில் படிப்பார், பிள்ளை தமிழில் படிக்கும். ரெண்டு பேருக்கும் ஆகும். நாம் சம்மதம் கொடுத்த நிறுவனத்திடம் "என் விவரத்தை வேற யாருக்கெல்லாம் கொடுத்தீங்க?" என்று கேட்கலாம், அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டும். நான் சொன்னேனே, கேட்க வழி இல்லைன்னு, அது இதுதான். அது 2027 மே மாதம் திறக்கும்.

அபராதத் தொகையைப் பார்த்தால் கண்ணைக் கட்டும். சரியான பாதுகாப்பு வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை. கசிவைச் சொல்லாமல் மறைத்தால் 200 கோடி வரை. இந்த எண்களைக் கேட்டதும் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுல எனக்கு எவ்வளவு?"

ஒண்ணுமில்லை. அபராதம் மொத்தமும் இந்தியாவின் தொகுப்பு நிதிக்கு, அதாவது அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். விவரம் போனவருக்கு இழப்பீடு கொடுக்கும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. தமாஷ் என்னன்னா, பொய்ப் புகார் கொடுக்கிற தனிமனிதருக்கு மட்டும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

இதைவிட முக்கியமான ஒண்ணு இருக்கு. ஐடி ஆக்ட்டில் 43ஏ என்று ஒரு பிரிவு. நம்முடைய நுண்ணிய தனிநபர் தரவை, வங்கி விவரம், பாஸ்வேர்ட், உடல்நல விவரம், கைரேகை போன்றவற்றை வைத்திருக்கிற நிறுவனம் அலட்சியமாகப் பாதுகாத்து, அதனால் நமக்கு நஷ்டம் வந்தால், நமக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது அது. புதிய தரவுச் சட்டம் இந்த 43ஏ-வை நீக்குகிறது. எப்போது? அதே 2027 மே மாதம். 250 கோடி உள்ளே வரும் நாளில் இழப்பீட்டுக் கதவுகளில் ஒன்று மூடப்படுகிறது.

ஒன்று என்று ஏன் சொல்றேன்னா, இன்னொரு கதவு இருக்கு. இந்த எபிசோடை நான் பதிவு பண்றதே அதைச் சொல்லத்தான். அதன் பெயர் தீர்வு அதிகாரி. ஐடி ஆக்ட் 46-வது பிரிவு. மத்திய அரசின் 2003 மார்ச் மாத உத்தரவுப்படி ஒவ்வொரு மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அந்த மாநிலத்தின் தீர்வு அதிகாரி. 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவர் விசாரிக்கலாம், உரிமையியல் நீதிமன்றத்துக்கு இருக்கிற பல அதிகாரங்கள் அவருக்கு உண்டு. நான்கு மாதத்தில், தள்ளிப்போனாலும் ஆறு மாதத்தில், முடிந்தவரை முடிக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அவர் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 45 நாளுக்குள் மேல்முறையீடு. முன்பு அதற்கு சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் என்று தனியாக இருந்தது, 2017-இல் அதை டெல்லியில் உள்ள தொலைத்தொடர்புத் தீர்ப்பாயத்தோடு சேர்த்துவிட்டார்கள்.

இந்தக் கதவை முதலில் தட்டினவர்களில் ஒருவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர். அபுதாபியில் வேலை, ஐசிஐசிஐ வங்கியின் தூத்துக்குடிக் கிளையில் கணக்கு. 2007 செப்டம்பரில் வங்கி அனுப்பினது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. கேட்ட விவரத்தைக் கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. வங்கி என்ன சொன்னது? பாஸ்வேர்டைக் கொடுத்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு, நாங்கள் பொறுப்பல்ல என்று. இப்போ எல்லா வங்கியிலும் கேட்கிற அதே பதில்தான். அவர் தமிழ்நாட்டின் தீர்வு அதிகாரியிடம் போனார். அப்போது அந்தப் பொறுப்பில் இருந்தவர் பி.டபிள்யூ.சி. டேவிதார். 2010 ஏப்ரல் 12 அன்று தீர்ப்பு. வங்கி உரிய கவனத்தோடு நடந்துகொண்டதை நிரூபிக்கவில்லை என்று சொல்லி, பிரிவு 43-ஐயும் நிறுவனங்களின் பொறுப்பைச் சொல்லும் பிரிவு 85-ஐயும் சேர்த்துப் படித்து, வட்டியும் செலவும் உட்பட 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனா அந்த உத்தரவு ஒரு கேள்வியைத் திருப்பிப் போட்டது. நீ ஏன் ஏமாந்தாய் என்று வாடிக்கையாளரைக் கேட்பதற்கு முன்னால், நீ என்ன பாதுகாப்பு வைத்திருந்தாய் என்று வங்கியைக் கேட்டது.

கவனியுங்க, அவர் நஷ்டப்பட்ட 2007-இல் 43ஏ பிறக்கவே இல்லை. பழைய 43, 85 பிரிவுகளை வைத்தே அந்த உத்தரவு வந்தது. 43ஏ போன பிறகும் அந்த இரண்டும் இருக்கும். வாதாடுவது கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

வங்கிகள் விஷயத்தில் இன்னொரு பிடி, ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட விதி. நம் அனுமதி இல்லாமல் பணம் போனால், தப்பு நம் மீதும் இல்லாமல் வங்கி மீதும் இல்லாமல் வேறெங்கோ இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் நமக்கு நஷ்டம் பூஜ்யம். வங்கி பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் தானே பாஸ்வேர்டு, ஓடிபி போன்றவற்றைப் பகிர்ந்த கவனக்குறைவு என்றால், வங்கிக்குச் சொல்லும் வரை ஆன நஷ்டம் அவருடையது. ஆனா அதை நிரூபிக்கிற சுமை வங்கியுடையது. இந்தக் கடைசி வரியை வங்கி கவுன்டரில் யாரும் நமக்குச் சொல்றதில்லை.

சித்தப்பா திங்கட்கிழமை காலையிலேயே கிளைக்குப் போனார். வேலை நாள் கணக்கில் முதல் நாள். மேனேஜர் சொன்னது: "நீங்களே ஆப்பை இறக்கிட்டு எங்களைக் கேட்டா எப்படிங்க?" வாயால் சொன்னதோடு சரி, எழுத்தில் எதுவும் இல்லை. எழுத்தில் கேளுங்கள் என்று நான் திரும்ப அனுப்பினேன். ஏன்னா, எழுதிக் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்த ரசீது, முத்திரை வைத்த நகல், இதெல்லாம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

ஓடிபியைச் சொல்வதும், ஓடிபியைத் திருடும் ஆப்பை அறியாமல் போனில் ஏற்றுவதும் ஒன்றா? சட்டப்படி இது இன்னும் வாதத்துக்குரிய இடம். என்னைக் கேட்டால் ஒன்றில்லை. ஆறு வருஷமாக ஒரே ஆளுக்கு வாரம் ஒரு தடவை கூலியும், மாதம் ஒரு தடவை நூல்காரருக்குப் பணமும் மட்டும் அனுப்பின கணக்கிலிருந்து, சனிக்கிழமை ராத்திரி பதினோரு நிமிஷத்தில் முன்பின் அனுப்பாத ஒரு கணக்குக்கு மூணு தடவை பணம் போகுது. அதைப் பார்த்து வங்கியின் கணினிக்குச் சின்னச் சந்தேகம்கூட வரலையா? தூத்துக்குடிக்காரர் வழக்கில் கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட இதுதான்.

அதனால மனு தயார் பண்ணோம். தீர்வு அதிகாரிக்கு. கணக்கு அறிக்கை, 1930 புகாரின் எண், எஃப்ஐஆர் நகல், வங்கிக்கு எழுதின கடிதம், வாட்ஸ்அப் உரையாடலின் படம். அந்தப் படத்துக்கு ஒரு சான்றிதழ் வேணும். பாரதிய சாக்‌ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, இப்படி எடுத்த மின்னணு நகலுக்கு, எந்தக் கருவியில் இருந்து எடுத்தது, அதன் ஹாஷ் மதிப்பு என்ன என்று எழுதின சான்றிதழைக் கேட்கிறது. இங்கேதான் ஒரு தப்பு பண்ணோம். சித்தப்பா மகன் பயந்துபோய் ஞாயிற்றுக்கிழமையே அந்த ஆப்பை நீக்கி, போனையும் ஃபார்மட் பண்ணிட்டான். அந்த ஏபிகே ஃபைல் போச்சு. உங்க வீட்டில் நடந்தால் போனின் இணையத்தை நிறுத்துங்க, வேற போனில் இருந்து வங்கியைக் கூப்பிடுங்க, ஆனா எதையும் அழிக்காதீங்க. எங்களுக்கு நல்லகாலம், வந்த ஃபைலைச் சித்தி போனுக்கும் அவர் தவறுதலா அனுப்பியிருந்தார். சித்தி அதைத் திறக்கவே இல்லை. அவங்க போன் இப்போ அணைச்சு, ஒரு துணிப்பையில் பீரோவுக்குள்ள இருக்கு.

38,000 ரூபாய் போன மாதம் வந்து சேர்ந்தது. மீதி 1,46,000 ரூபாய்க்கான மனுவை அடுத்த வாரம் சென்னைக்கு எடுத்துட்டுப் போறோம். விசாரணைக்கு எண் கிடைச்சதும் அந்த மனு எப்படி எழுதினோம்னு ஒரு தனி எபிசோடில், பேர் நீக்கிட்டு, வரிவரியா படிச்சுக் காட்டுறேன். வெளியே காவடி கிளம்பிடுச்சு, இனிமே நான் பேசினா உங்களுக்குக் கேட்காது.